புன்னைவன நெறி



நந்தமிழகத்துச் சிவத்தலங்கள் பலவற்றிற்குக் காடே பெயராய் நிற்கக் காண்கின்றோம். தில்லை என்பது ஒரு மரத்தின் பெயர். அம்மரம் செறிந்தமையால் அத்தலம் தில்லைவனமாயிற்று. மதுரை கடம்பவனம், திருநெல்வேலி வேணுவனம், ஆலங்காடும் மறைக்காடும் தம் பெயரிலேயே காட்டை உடையன. தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலும் அவ்வாறே புன்னைவனம் எனப் போற்றப்படுவது.

அவ்வனத்து வரலாறு அன்பர் பலரும் அறிந்ததே. சங்கன், பதுமன் என்னும் நாகவேந்தர் இருவருள் ஒருவர் சிவபிரானையும் மற்றவர் திருமாலையும் பரமெனக் கொண்டு தம்முள் வாதிட்டனர். அரியும் அரனும் ஒருங்கியைந்த திருவுருவைக் காண அம்மை விழைந்து வேண்ட, இறைவன் புன்னைவனத்தில் தவம் புரியுமாறு பணித்தான். அங்ஙனம் தவமிருந்த கோமதியம்மைக்கு ஆடித்திங்களில் சங்கரநாராயணனாய்க் காட்சி வழங்கினான். இது தலபுராண மரபு. அவ்வனத்துப் புற்றினின்று சிவலிங்கம் வெளிப்பட, உக்கிரபாண்டியன் கோயில் எடுத்தான் என்ப. புற்றுமண்ணே இன்றும் அங்கு அருட்பிரசாதமாக வழங்குகின்றது.

ஆடித்தபசு விழாவிற்குக் கொடியேறியதும் அடியார்கள் 'ஆடிச்சுற்று' என்று திருக்கோயிலை நூற்றுக்கு மேலும் எண்ணி வலம் வருவர். கழனியில் உழைப்பாரும், முதுமையால் தளர்ந்தாரும், எழுத்தறியாதாரும் அவருள் உளர். ஏறுதற்கு மலையும் கடத்தற்கு ஆறும் அங்கில்லை. சமநிலத்தில் அம்மையை நினைந்து அடிபெயர்த்து நடத்தலே அவர் செய்வது.

இஃது எளிதாயிற்றே, கால் நடக்க உயிர்க்கு ஆவதென்னை? ஞானமன்றோ வீடளிப்பது? எனச் சாத்திரம் பயின்றார் சிலர் வினவுவர். ஞானமே வீடளிப்பதென்பது நமக்கும் உடன்பாடே. ஆயினும் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கையும் முறையே வைத்து, சரியையைத் தாதமார்க்கம் என்று கூறிச் சாலோகத்தை அதன் பயனாக்கினார். முதற்படியை இகழ்வான் நான்காம் படியில் நிற்பது யாங்ஙனம்? கற்றார் வாயில் ஞானம் சொல்லளவாய் நிற்க, கல்லாதான் காலில் அன்பு செயலாய் நிகழுமாயின், இறைவன் திருமுன் எது பெரிது என்பதை நாம் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

சரியைக்கு எடுத்துக்காட்டாகச் சான்றோர் காட்டுவது திருநாவுக்கரசரை. அப்பெருமான் கயிலை காணும் வேட்கையால் வடதிசைக் கானகத்தூடே நடந்தார், அடிகள் தேயக் கைகளால் தவழ்ந்தார், மார்பால் உந்தினார், உடலாற் புரண்டார். முனிவராய் வந்து தடுத்த இறைவன், பொய்கையொன்றில் மூழ்குமாறு பணித்தருளினான். மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றில்; அங்கே கண்டது கயிலைக் காட்சி. இதனால் நாம் பெறுவது யாது? அரிய வழி சென்றதும் அன்பே. எளிய வழி தந்ததும் அருளே. அவன் அருகே வந்து காட்டுங்கால் சேய்மை அண்மையாகின்றது. ஆதலின் எளிமை இழிவாகாது. அருளின் இயல்பே அதுவென்க.

எளிய வழிக்கும் ஒரு கடப்பாடு உண்டு. கடல்கடந்த நாட்டுப் பழவனமொன்று அதனை நன்கு விளக்கும். அமெரிக்காவின் மேலைக் கடலோரமாகிய கலிபோர்னியாவில் ரெட்வுட் எனப்படும் செந்நிற மரங்கள் உள. உலகில் அவற்றினும் நெடிய மரவினம் இல்லை. 350 அடிக்கு மேல் ஓங்கியனவும் 2000 ஆண்டு கடந்தனவும் அவற்றுள் உண்டு. சான்பிரான்சிஸ்கோ நகரையடுத்த மியூர் வுட்ஸ் என்னும் வனத்தை, கெண்ட் என்னும் செல்வர் தம் மனைவியாரோடு விலைக்குப் பெற்று நாட்டிற்கு ஈந்தார். 1908ஆம் ஆண்டில் அது காப்பிடமாயிற்று. அதனூடே செல்லும் வழி பெரும்பாலும் சமநிலத்தது. பலவிடங்களிற் பலகை பரப்பியது. முதியோரும் குழவியரும் சக்கர நாற்காலியிற் செல்வாரும் அம்மரநிழலில் இனிது செல்லலாம்.

அப்பலகை நடப்பார்க்கு நலஞ்செய்வதோடு மரங்களையும் காக்கின்றது. வானளாவிய அம்மரங்களின் வேர் பத்துப் பன்னிரண்டு அடிக்குக் கீழே பெரும்பாலும் இறங்குவதில்லை. பக்கலிற் பரந்து அயல்மரத்து வேர்களோடு பின்னிக்கொள்ளும். அப்பிணைப்பே பெருங்காற்றிலும் அவற்றைத் தாங்குவது. மக்கள் கண்டவாறு மிதிப்பின் மண் இறுகி வேர் நலியும். எனவே, வழியினின்று வழுவாது நடப்பவனே வனத்தைக் காப்பவனாகின்றான். நெறி என்னும் சொல்லின் பொருள் இதுவே: நடப்பானை உய்ப்பது, பிறவுயிர்க்கு ஊறு நேராமல் அவனை வரம்பில் நிறுத்துவது. வேரோடு வேர் பின்னி நிற்கும் அம்மரங்கள் அடியார் திருக்கூட்டத்திற்கு உவமையாதலும் காண்க. தனித்து ஆழ்ந்து நிற்கும் வலியிலாத உயிரும் கூட்டத்தின் பிணைப்பால் நிலைபெறும்.

இனி, நம் புன்னைவனத்தை நோக்குவோம். வீடுகளும் கடைத்தெருக்களும் நிறைந்த நகராகிவிட்ட அவ்விடத்தில் வனம் பெயரில் வாழ்கின்றது. புன்னை தலமரமாய்ப் போற்றப்படுகின்றது. அயல்நாட்டார் மரமென்று கருதியே காத்தனர். நாமோ மரத்தைத் திருமேனிக்கு நிகராக வழிபடும் மரபினர். வழிபட்டும் வளர்க்கத் தவறுவோமாயின் அவ்வழிபாடு நிறைவுடைத்தாமோ?

நாவரசர் திருக்கரத்து உழவாரம் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கி அடியார் நடக்க வழி சமைத்தது. நந்தவனம் வைத்தலும், திருவலகிடுதலும், விளக்கேற்றலும் சரியைத் தொண்டுகளே. புன்னை விதையின் எண்ணெய் முன்னாளில் விளக்கெரிக்கப் பயன்பட்டது; ஆதலின் புன்னைக்கன்று நடுபவன் நிழலும் மலரும் ஒளியும் ஒருங்கே நட்டவனாவான். வலம் வருவார் ஒவ்வொருவரும், சுற்றுக்கணக்கை எண்ணுவதோடு அமையாது, தம் ஊர்க் கோயிற் புறத்தே ஒரு கன்றையேனும் நட்டு நீர்வார்த்தல் வேண்டும். திருமடங்களும் தம் ஆட்சிக்குட்பட்ட தலங்களில் தலமரங்களைப் பெருக்குதல் வேண்டும். கற்றார் இத்தொண்டில் முற்படுவாராயின், சரியை எளிதென்று இகழும் சொல் தானே அடங்கும்.

அம்மை தவமிருந்த வனம் மீண்டும் தழைக்க! அதன் நிழலில் எளியார் இனிது நடக்க! சங்கரநாராயணன் திருவருள் யாவர்க்கும் துணைநிற்க!

திருச்சிற்றம்பலம்.