அழியும் மையும் அழியா மையும்

எழுதுகோலைத் தேர்ந்தெடுப்பதில் மனிதன் காட்டும் அக்கறையை, அதில் ஊற்றும் மையைத் தேர்ந்தெடுப்பதில் காட்டுவதில்லை. பேனா கையில் நெடுங்காலம் தங்குகிறது. மையோ புட்டியில் குறைந்து, தாளில் உலர்ந்து, கண்ணுக்குப் பழகிப்போகிறது. ஆயினும் எழுதியவன் மறைந்த பின்னரும் எஞ்சி நிற்பது பேனா அன்று, மையே. கருப்போ, நீலமோ, நீலக்கருப்போ, சிவப்போ, பச்சையோ, அது அவனுக்குப் பிறகும் அவனுக்காகப் பேசுகிறது. அவ்வாறாயின் மையின் நிறத்தைத் தேர்வது வெறும் விருப்பத்தின் செயலா, அன்றி அதில் அறத்துக்கும் பங்கு உண்டா என்னும் வினா எழுவது இயல்பே.

பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்குத் தெற்கே அமைந்த காம்பார், ஒரு காலத்தில் ஈயத்தாலும் பால்மரத்தாலும் வாழ்ந்த ஊர். 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தது. சுற்றுவட்டாரத் தோட்டங்கள் பலவற்றில் பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. 2007இல் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்தின் வளாகம் அங்கே செயல்படத் தொடங்கியது. இவ்வூரில், பால்மரம் சீவிய ஒருவரின் பேத்தி, இன்று தமிழாசிரியையாகப் பணியேற்கப் போகும் நிலையில், எழுதுபொருள் கடையில் மைப்புட்டிகளின் முன் நிற்பதாக வைத்துக்கொள்ளலாம். அவள் கையை எந்தப் புட்டி நோக்கி நீட்ட வேண்டும்? விடை எளிதன்று, ஏனெனில் அவள் பாட்டனாருக்கு இந்தத் தேர்வே வாய்க்கவில்லை.

மையைத் தேரும் உரிமை தனிமனிதனுக்குக் கிடைத்ததே அண்மைக் காலத்தில்தான். தொட்டெழுதும் காலத்தில் மைக்கூடு மேசைக்கு உரியது. மேசை அலுவலகத்துக்கு உரியது. அங்கே எந்த மை இருந்ததோ அதுவே எழுத்தானது. 1884இல் லூயிஸ் வாட்டர்மன் ஊற்றுப்பேனாவுக்குக் காப்புரிமை பெற்ற பின்னர், மை எழுதுபவனின் சட்டைப்பையில் குடியேறியது. அதனோடு பொறுப்பும் குடியேறியது. சுதேசி உணர்வு மேலோங்கிய நாளில், 1934இல், வங்கத்து மைத்ரா சகோதரர்கள் அந்நிய மைக்கு மாற்றாகச் ‘சுலேகா’ மையைத் தொடங்கினர். அதை வாங்கியவர்கள் நிறத்தை மட்டும் வாங்கவில்லை. தாங்கள் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதையும் அறிவித்தார்கள். ஆக, மையைத் தேர்வதில் அறம் கலப்பது புதிய செய்தி அன்று.

‘மை’ என்னும் தமிழ்ச் சொல்லே எண்ணத்தைத் தூண்டுவது. கருமை, முகில், கண்ணுக்கு இடும் அஞ்சனம், குற்றம் ஆகிய பொருள்களெல்லாம் அச்சொல்லுக்கு உண்டு. அழகுக்கு இடுவதும் மை. மாசாகப் படிவதும் மை. சொற்பிறப்பில் தொடர்பில்லையாயினும், உண்மை, நேர்மை, வாய்மை என்னும் பண்புப் பெயர்கள் யாவும் ‘மை’ விகுதியில் முடிவதை எண்ணிப் பார்க்கும் மாணவன் புன்னகை புரியாமல் இருக்க மாட்டான். எழுதும் மை அந்தப் பண்புகளில் போய் முடிகிறதா, குற்றத்தில் போய் முடிகிறதா என்பதை எழுதுபவனே தீர்மானிக்கிறான்.

மைகளின் இயல்பை அறிந்தால் இந்தத் தீர்மானத்தின் தன்மை விளங்கும். மாசிக்காயின் துவர்ப்புச் சத்தும் அன்னபேதியும் கருவேலம் பிசினும் சேர்ந்த மை, பல நூற்றாண்டுகள் உலகின் ஆவண மையாக விளங்கியது. எழுதும்போது அது வெளிறித் தோன்றும். காற்றுப்பட்ட பின்னரே அதிலுள்ள இரும்பு மாற்றமடைந்து கருமை கொள்ளும். எழுதும் கணத்திலேயே எழுத்துத் தெரியவேண்டும் என்பதற்காக அதில் நீலச் சாயம் கலந்தார்கள். நீலமாகத் தொடங்கிக் கருப்பாக முதிர்வதால் அதற்கு நீலக்கருப்பு என்று பெயர். தண்ணீர் பட்டாலும் அது எளிதில் கலைவதில்லை. பள்ளிப் பிள்ளைகள் விரும்பும் கழுவத்தக்க நீலமோ வெறும் சாயநீர். துணியில் சிந்தினாலும் துவைத்துவிடலாம். தாளிலும் அழிப்பான் பேனாவால் அதன் நிறத்தைப் போக்கிவிடலாம். ஒன்று நினைவில் வைப்பதற்காகப் பிறந்தது. மற்றொன்று மன்னிப்பதற்காகப் பிறந்தது.

இவ்விரண்டில் எது மேலானது என்று கேட்பது பிழையான கேள்வி. எது எங்கே தகும் என்பதே சரியான கேள்வி. நிலைக்க வேண்டிய இடத்தில் அழியும் மை புகுந்தால் என்ன நேரும் என்பதை மலேசிய மக்கள் 2013 மே 5ஆம் நாள் கண்டார்கள். அந்தப் பொதுத்தேர்தலில்தான் வாக்காளரின் விரலில் அழியாத மை இடும் முறை அந்நாட்டில் முதன்முதலாகக் கடைப்பிடிக்கப்பட்டது. இந்தியாவில் 1962 முதல் வழங்கிவரும் முறை அது. ஆனால் பூசிய மை எளிதில் கழுவிப் போயிற்று என்று வாக்காளர் பலர் முறையிட்டனர். விரலில் இட்டது ஒரு துளிதான். அது கலைந்தபோது கலைந்தது நம்பிக்கை. அழியாது என்று சொல்லி இட்ட மை அழியுமானால், அது மையின் குறையோடு நிற்பதில்லை. சொன்ன சொல்லின் குறையாகிவிடுகிறது.

அப்படியானால் அழியா மை எப்போதும் அறத்தின் பக்கம் நிற்குமா? இதற்கு விடை காணத் தோட்டத்துப் பெரட்டுக் களத்துக்குச் செல்ல வேண்டும். விடியுமுன் பெயர் அழைப்பு. வந்தவர், வராதவர், நிறுத்த பாலின் எடை, பிடித்தம், கடன் எல்லாம் கிராணியின் செக்ரோலில் ஏறும். ஆங்கிலேயர் கால அலுவலகங்களில் பெரிதும் வழங்கியது நீலக்கருப்பு மை. அந்த மையால் எழுதிய எண் தொழிலாளியின் மாத வாழ்வாயிற்று. எண்ணை எழுதியவர் பேனாவையும் மையையும் அறிந்தவர். எண்ணுக்கு உரியவரோ எழுத்தறியாத நிலையில், மைத்திண்டில் பெருவிரலை ஒற்றி ஒப்பமிட்டவர். ஒருவருக்கு மை கருவி. மற்றொருவருக்கு மை அவர் உடலில் படிந்த கறை. கைநாட்டு இட்டவர் எதை ஒப்புக்கொள்கிறார் என்பதைப் படிக்க இயலாதவர். அங்கே எண் நேர்மையாக இருந்தால் அழியா மை அவருக்குக் காவல். பிழையாக இருந்தால் அதே மை அவருக்கு விலங்கு. எழுத்து நிலைப்பது மையின் ஆற்றல். நிலைக்கத் தக்கதை எழுதுவது மனிதனின் கடமை. இரண்டாவது இல்லாத இடத்தில் முதலாவது கொடுமைக்குத் துணைபோகிறது.

இயற்கையும் இதையே உணர்த்துகிறது. மாசிக்காய் மை அளவு மீறினால் அதிலுள்ள அமிலமும் இரும்பும் காலப்போக்கில் தாளையே அரித்துவிடுகின்றன. செருமானிய இசைமேதை பாக்கின் கைப்படிகள் பல இவ்வாறு மையால் அரிக்கப்பட்டு, அவற்றைக் காப்பதற்குப் பெருமுயற்சி தேவைப்பட்டது. எழுத்தைக் காப்பதற்காகச் சேர்த்த வலிமையே எழுத்தைத் தாங்கிய தாளைத் தின்றது. பிறர்மீது எழுதிய கடுந்தீர்ப்பும் இத்தகையதே. தீர்ப்பு நிலைக்கிறது, அதைத் தாங்கிய மனம் கிழிகிறது.

இங்கேதான் சிவப்பு மை நினைவுக்கு வருகிறது. பேராக் இடம்பெற்றிருந்த கூட்டு மலாய் மாநிலங்களில் 1923இன் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. அத்தகைய பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் ஏட்டில் சிவப்பு மை ஓடியிருக்கிறது. பிழை கண்ணில் படவேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் 2010இல் ஐரோப்பிய சமூக உளவியல் இதழொன்றில் வெளிவந்த ஓர் ஆய்வு, சிவப்புப் பேனாவால் கட்டுரை திருத்தியவர்கள், நீலப் பேனாவால் திருத்தியவர்களைக் காட்டிலும் மிகுதியான பிழைகளைக் குறித்தார்கள் என்றும் குறைவான மதிப்பெண் இட்டார்கள் என்றும் கூறியது. நிறம் பிள்ளையின் கண்ணை மட்டுமல்ல, ஆசிரியரின் கையையும் ஆளுகிறது என்பது இதன் பொருள். கையிலிருக்கும் மை குற்றம் தேடும் மையானால், கண் குற்றத்தையே காண்கிறது.

மலேசியத் தமிழர்க்குச் சிவப்பும் நீலமும் ஏட்டோடு நின்றுவிட்ட நிறங்களும் அல்ல. குடியுரிமை பெற்றவருக்கு நீல அடையாள அட்டை. நிரந்தரக் குடியிருப்பாளருக்குச் சிவப்பு. 1968இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையடுத்துக் குடியுரிமையற்றோர் வேலை செய்யத் தனி அனுமதி பெற வேண்டியதாயிற்று. பால்மரக் காட்டிலேயே வாழ்நாளைக் கழித்த தமிழர் பல்லாயிரவர் கப்பலேறினர். எஞ்சியோரிலும் சிலர் சிவப்பு அட்டையுடனேயே முதுமை எய்தினர். நிறம் ஒரு மனிதனைப் பற்றிய தீர்ப்பாக மாறும்போது அது எவ்வளவு கனமானது என்பதை அவர்களே அறிவர். அந்தக் கனத்தை அறிந்த வீட்டிலிருந்து வரும் ஆசிரியை, சிறுவனின் ஏட்டில் சிவப்பைச் சிந்துமுன் ஒரு கணம் தயங்குவாளாயின், அந்தத் தயக்கம் கோழைத்தனம் ஆகாது; அது வரலாறு கற்பித்த கண்ணியம்.

இவ்வளவு ஆராய்ச்சி தேவையா, நிறம் அவரவர் சுவைக்கு உரியதன்றோ என்று கேட்போர் உண்டு. தன் நாட்குறிப்புக்கும் கவிதைக்கும் எந்த நிறமும் தகும். சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூடா பச்சை மையில் எழுதுவதையே விரும்பினார். அதனால் எவர்க்கும் இழப்பு நேரவில்லை. தன்னைப் பற்றி மட்டும் எழுதுமிடத்தில் சுவையே அரசு. ஆனால் பிறரின் கூலியும் உரிமையும் மதிப்பெண்ணும் ஒருவன் பேனா முனையில் தொங்கும்போது, சுவை அரியணையை விட்டு இறங்க வேண்டும். அப்போது அவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் இரண்டு: இந்த எழுத்து அழிந்தால் துன்புறுபவர் யார்? இந்த எழுத்து நிலைத்தால் துன்புறுபவர் யார்?

இவ்வினாக்களுக்கு நேர்மையாக விடை காண்பவன் ஓர் உண்மையை உணர்வான். தான் பட்ட கடன், தான் தந்த வாக்கு, பிறருக்குத் தான் கொடுக்க வேண்டிய கணக்கு ஆகியவை நீலக்கருப்பில், காலம் செல்லச் செல்லக் கருமை ஏறும் மையில் எழுதத் தக்கவை. பிறர் செய்த பிழையும் அவர்மீது தான் இட்ட தீர்ப்பும், கழுவத்தக்க நீலத்தில், நாளை அவர் திருந்திவரும்போது தடயமின்றி நீங்கும் மையில் எழுதத் தக்கவை. உலகமோ பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறது. தன் வாக்கைத் தண்ணீரிலும் பிறர் குற்றத்தைக் கல்லிலும் எழுதுகிறது. வாய்மைக்கு ஓர் அதிகாரமும் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரமும் திருக்குறள் தனித்தனியே வகுத்திருக்கிறது. இரண்டும் வேண்டும் என்பதே அதன் குறிப்பு. எதை எங்கே இடுவது என்பதே வாழ்க்கையின் கல்வி.

காம்பார்க் கடையில் நிற்கும் அந்தப் பேத்தி ஒரு புட்டியோடு திரும்ப வேண்டியதில்லை, இரண்டு வாங்கலாம். ஒன்றால் தன் பெயரைக் கையொப்பமிடட்டும். பாட்டனாரின் பெருவிரலுக்குக் கிட்டாத பேறு அது. மற்றொன்றால் தன் மாணவரின் பிழைகளைக் குறிக்கட்டும். மேசையில் இரு புட்டிகளும் அருகருகே இருக்கையில், எந்தப் புட்டியைத் திறக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்ப்பதே ஆசிரியப் பணியின் அறம்.