யாரோ வீட்டுத் தூண்

புது வீடு கட்டுகிறீர்களா? மதுரையில் கே.கே.நகரோ, அழகர்கோயில் ரோடோ... ‘ஹால்ல ரெண்டு செட்டிநாட்டுத் தூண் நிறுத்திட்டா சும்மா அசத்திடும்!’ என்று யாராவது ஆசை காட்டியிருப்பார்கள்.

காரைக்குடிக்கு ஒரு நடை போய் வாருங்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள். கதவு, நிலை, தூண், ஊஞ்சல் பலகை, பீங்கான் ஜாடி... யாரோ ஒரு குடும்பத்தின் நாலு தலைமுறை விலைக்கு நிற்கிறது. நிலைக்கு மேலே கஜலட்சுமி. அவளுக்கும் விலை உண்டு.

‘காசு குடுத்துத்தானே சார் வாங்குறோம், இதுல என்ன தப்பு?’ என்பீர்கள். தப்பென்று சொல்ல வரவில்லை. நீங்கள் வாங்காவிட்டால் கரையான் வாங்கிக்கொள்ளும். ஆனால், அந்தத் தூண் எதைத் தாங்கி நின்றது என்று தெரிந்துகொண்டு வாங்கலாமே!

நகரத்தார் வீட்டில் வாசலிலேயே திண்ணை. அப்புறம் முகப்பு. உள்ளே வளவு, நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் அறைகள். மகனுக்குக் கல்யாணமானால் அவன் ஒரு ‘புள்ளி’. அவனுக்கென ஓர் அறை. மனைவி கொண்டுவந்த சீர் சாமான் அதில் இருக்கும். அடுப்பும் தனி. இதற்கு ‘வேறு வைப்பது’ என்று பெயர். கூரை ஒன்று, உலை வேறு வேறு! மாமியார் - மருமகள் சமாதானத்துக்கு இதைவிட நல்ல பிளானை எந்த ஆர்க்கிடெக்டும் போட்டதாகத் தெரியவில்லை.

சரி, அந்த வீட்டுக்கே பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி கடல் தாண்டிய வட்டித் தொழிலில். பர்மாவில் நெல் பயிரிட்டவர்களுக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-களில் நெல் விலை சரிந்தபோது கடனுக்கு நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால் பங்கு நிலம் செட்டியார்களிடம் வந்து சேர்ந்தது. 1942-ல் ஜப்பான்காரன் உள்ளே வர, அத்தனையும் அப்படியே நின்றது. போர் முடிந்தும் நிலம் திரும்பவில்லை. பர்மா அரசு எடுத்துக்கொண்டது. ஆக, இழந்தவன் வீட்டுத் தேக்கை இன்னொருவன் இழைக்கிறான், அவனும் இழக்கிறான், அது உங்கள் ஹாலுக்கு வருகிறது. இதில் யார் யாருக்குக் கடன்பட்டவர்?

நம்ம ஊரிலேயே இது பழைய கதைதான். 1636-ல் திருமலை நாயக்கர் கட்டிய மகாலைப் பாருங்கள். பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்குக் கொண்டுபோனபோது, தாத்தா அரண்மனையைப் பிரித்தெடுத்துப் போனார் என்கிறார்கள். மிச்சத்தை 1866-க்குப் பிறகு கவர்னர் நேப்பியர் பழுது பார்த்தார். இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது அந்த மிச்சத்தைத்தான். சொந்தப் பேரனே பிரித்திருக்கிறான், கடைக்காரரை என்ன சொல்ல?

எனக்கு உறுத்துவது வேறு. உங்கள் ஹாலில் அந்தத் தூண் எதையும் தாங்கப் போவதில்லை. ஸ்லாப்பைத் தாங்குவது கம்பியும் சிமென்ட்டும். தூண் சும்மா நிற்கும், வருகிறவர்கள் பார்ப்பதற்கு. வருகிறவர்கள் யார்? கொரியர் பையனைக் கேட்டுக்கு வெளியிலேயே அனுப்பிவிடுகிறோம்.

அந்தத் தூண் விலையில், வாசலில் நாலு பேர் உட்காருகிற மாதிரி ஒரு திண்ணை கட்ட எவ்வளவு ஆகும்? உங்கள் மேஸ்திரியைக் கேட்டுப் பாருங்கள்.

‘வேணாம் சார், போறவன் வர்றவனெல்லாம் உக்காந்துக்குவான்’ என்பார்.

அதற்குத்தானே கட்டினார்கள்!