தண்ணீர் என் பையில் இருந்தது

கொல்லிமலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் காரவள்ளியிலிருந்து சாலை வழியாக ஏறுகிறார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் சோளக்காடு. நானும் என் நண்பரும் அந்த வழியில் போகவில்லை. துறையூர்ப் பக்க அடிவாரத்தில் இருக்கும் புளியஞ்சோலையிலிருந்து, ஐயாறு இறங்கி வரும் பள்ளத்தாக்கில் ஏறும் பழைய நடைவழியைத் தேர்ந்தோம். மூன்று நாள் நடப்பது என்று திட்டம். முதல் நாள் ஆகாய கங்கை அருவிக்கு மேலே இருக்கும் அறப்பளீசுவரர் கோவிலைச் சேர்ந்துவிட வேண்டும். மலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேல். அந்த உயரத்தின் பெரும்பகுதியை ஒரே பகலில் கால்களால் ஏற வேண்டும்.

கிளம்புமுன் சுமையைப் பிரித்தோம். அவருக்கு வலது முழங்காலில் பழைய வலி உண்டு. "தண்ணிதான் கனம், அத நான் தூக்குறேன்" என்று எல்லாப் பாட்டில்களையும் என் பையில் அடுக்கிக்கொண்டேன். அவலும் வெல்லமும் துணிகளும் அவர் பையில். நண்பருக்கு நல்லது செய்துவிட்ட நிறைவோடு நடக்கத் தொடங்கினேன். பிறகு நடந்தது எல்லாவற்றுக்கும் வேர் அந்த நிறைவுதான் என்று இன்று நினைக்கிறேன்.

முதல் நாள் காலையில் கால்களுக்கு ஒரு பேராசை வந்துவிடுகிறது. இரவெல்லாம் தூங்கிய உடம்பு, புதுக் காற்று, மூங்கில் புதர்களுக்கு நடுவே சில்லென்ற நிழல். ஒவ்வொரு திருப்பத்திலும் அடுத்த திருப்பம் வரை போய் நிற்கலாம் என்று தோன்றியது. போனேன், நிற்கவில்லை. பின்னால் அவருடைய கைத்தடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. வெயில் ஏறியபோது ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தேன். பாட்டிலைத் திறந்து வேண்டுமட்டும் குடித்தேன். சற்றுப் பொறுத்து மறுபடியும் குடித்தேன். அவர் மரம் செடிகளைப் பார்த்து நிற்கிறவர், மெல்ல வருவார் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். முக்கால் மணி நேரம் போயிற்று.

கீழேயிருந்து முதலில் வந்தது ஒரு மூதாட்டி. தலையில் சும்மாடு, அதன்மேல் ஒரு மூட்டை. இந்த மலையின் மக்கள் மலையாளிகள் என்று அழைக்கப்படுகிறவர்கள். கேரளத்துக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய பரம்பரைக் கதை. சாலை வருவதற்கு முன் மலைக்கு வந்ததும் மலையிலிருந்து போனதும் பெரும்பாலும் இப்படித் தலைச்சுமையாகத்தான். அந்த அம்மா நின்று கேட்டார்: "கீழ மூங்கப் பொதருகிட்ட ஒருத்தரு உக்காந்திருக்காரு. உங்க ஆளுங்களா? நாக்கு வறண்டு கெடந்தாரு, எங்கிட்ட இருந்த தண்ணியக் குடுத்தேன்."

பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினேன். "எனக்கென்ன சாமி, ஊரு பக்கம்தான். அவருக்குக் கொண்டு போங்க" என்றார். நான் கைகூப்பியபோது கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

இந்த மலையின் தலைவன் வல்வில் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய பாட்டு புறநானூற்றில் 152ஆவதாக இருக்கிறது. காட்டில் எதிர்ப்பட்ட வேட்டுவன் ஓரிதான் என்று அறியாமல் பாணர் கூட்டம் அவன்முன் பாடுகிறது. 'கோ' (அரசன்) என்று தன் பெயரைக் கேட்டதும் அவன் நாணுகிறான். பிறகு ஊனும் மதுவும் பொன்னும் மணியும் கொடுக்கிறான். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என வரிசையாக ஊடுருவிப் போனதைத்தான் பள்ளிக்கூடத்தில் வியந்து படித்தோம். அந்த நாணத்தை எனக்கு யாரும் எடுத்துச் சொன்னதாக நினைவில்லை. அன்று அதைக் கண்ணால் பார்த்தேன். நண்பருக்குத் தண்ணீர் தூக்கும் பெருமை எனக்கு இருந்தது. தண்ணீர் கொடுத்த கைக்கோ பெருமை ஒட்டவே இல்லை.

ஓடி இறங்கினேன். நண்பர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "கூப்பிட்டிருக்கலாமேப்பா" என்றேன். "கூப்பிட்டா நின்னுருப்ப. நல்லா நடந்துட்டிருந்த, கெடுப்பானேன்னு விட்டுட்டேன்" என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என் வீடு நினைவுக்கு வந்தது. எல்லோருக்காகவும் சம்பாதிக்கிறேன் என்று எத்தனை வருடங்கள் முன்னால் நடந்தேன்! பணம் என் கணக்கில், முடிவு என் கையில், சாவி என் பையில். பின்னால் வந்தவர்களுக்கு எப்போது தாகம் எடுத்தது என்று திரும்பிப் பார்த்ததுண்டா? பிறருக்காகத் தூக்குகிற சுமை அவர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் இல்லையென்றால், அது யாருடைய சுமை? அவர்களும் கேட்கவில்லை. என் நடை கெட வேண்டாம் என்று விட்டிருப்பார்கள்.

முன்னால் நடப்பதை நினைத்தபோது எவரெஸ்ட் நினைவுக்கு வந்தது. அங்கே 1953 மே 29 அன்று டென்சிங்கும் ஹில்லாரியும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறினார்கள். முதலில் கால் வைத்தது யார் என்று உலகம் துளைத்தெடுத்தது. அநேகமாக ஒன்றாகவே சேர்ந்தோம் என்று இருவரும் சொல்லி வந்தார்கள். ஹில்லாரிதான் சில அடிகள் முன்னால் என்பதைப் பின்னர் தன் வாழ்க்கைக் கதையில் சொன்னவர் டென்சிங். கயிற்றில் ஒருவன் சறுக்கினால் மற்றவனுக்கு உடனே தெரியும். நாங்கள் கயிறு கட்டிக்கொள்ளவில்லை; நாற்பது வருட நட்பு போதும் என்று நினைத்திருந்தேன்.

அதன்பின் அவர் முன்னால் நடந்தார். அவர் வலது காலை வெளிப்பக்கம் சற்றே திருப்பி வைக்கிறார், அந்தச் செருப்பின் ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். அவர் நின்ற இடங்களில் நானும் நின்றேன்.

கோவிலைச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. இந்த இறைவனை முன்னிலைப்படுத்தித்தான் அம்பலவாணக் கவிராயர் அறப்பளீசுர சதகம் எழுதினார். இல்வாழ்க்கை, மனையாள், மக்கள், உடன்பிறப்பு, ஆசிரியர், மாணாக்கர் என்று யார் யார் எப்படி இருக்க வேண்டும் என அதில் பல பாட்டுகள். சிறு வயதில் அது எனக்குக் கட்டளைகளின் பட்டியலாகத் தெரிந்தது. அந்தப் பாட்டுகள் யாரோ ஒருவரோடு சேர்ந்து வாழ்வதைப் பற்றியவை என்பது, நண்பர் தூணில் சாய்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் உறைத்தது.

கடையில் முடவாட்டுக்கால் கிழங்குச் சூப்பு வாங்கிக் குடித்தோம். மூட்டுவலிக்கு நல்லது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். படுக்குமுன் பைகளைத் திறந்தேன். பாதிப் பாட்டில்களை அவர் பையின் ஓரத்தில், கை வைத்தால் எடுக்கிற மாதிரி செருகினேன். அவலில் பாதியை என் பைக்கு மாற்றினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பலாம்?" என்று கேட்டார்.

"நீ சொல்லு" என்றேன்.