அளவு கொள்ளும் அறம்

கதிரவன் மறையுமுன் உண்டு முடித்தல் நம் இல்லங்களின் நல்லொழுக்கம். அதனால் உணவுக்கும் உறக்கத்துக்கும் இடையே நீண்டதொரு மாலைப்பொழுது நமக்குக் கிடைக்கிறது. முன்னாளில் அப்பொழுதில் தீர்த்தங்கரர் வரலாறுகளைப் பாட்டியர் கூறுவர். சிறுவர் ‘ம்’ கொட்டிக் கேட்பர். இன்று அப்பொழுதைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது.

தொலைக்காட்சி பார்த்தல் பாவமா என்று இளந்தாயர் சிலர் என்னை வினவுவதுண்டு. ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார்க்குரிய குணவிரதங்கள் மூன்றனுள் ஒன்றாகப் போகோபபோக பரிமாணத்தைக் கூறுகிறார். உணவைப் போல ஒருமுறை நுகர்ந்ததும் தீர்வது போகம். ஆடையைப் போல மீண்டும் மீண்டும் நுகரப்படுவது உபபோகம். இவ்விரண்டுக்கும் தாமே அளவு வகுத்துக்கொள்வது அவ்விரதம். தொலைக்காட்சிப் பெட்டி உபபோகப் பொருளே. ஆனால் அதன்முன் கழியும் குழந்தையின் மாலைப்பொழுதோ ஒருமுறையே நுகரத்தக்கது, மீளாதது. ஆகவே வினவவேண்டியது ‘பாவமா?’ என்பதன்று, ‘அளவு யாது?’ என்பதே.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஓர் அளவைக் கூறியது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் திரைக்காட்சி வேண்டா. 2 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது. அதனினும் குறைதல் நன்று. குழந்தை மொழி கற்பது மறுமொழி கூறும் மனிதரிடத்தே. பெட்டி பேசும், குழந்தை கேட்டால் விடை கூறாது.

இனி, என் பிழையையும் மறையாது கூறுவேன். சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, ஐந்து வயதுப் பேத்தி பார்த்துக்கொண்டிருந்த கேலிச்சித்திரத்தை நிறுத்தி, “கண்ணுக்குக் கேடு, எழுந்து போ” என்றேன். சிறிது நேரத்தில் என் வழக்கமான தொடரின் முன் அமர்ந்தேன். அவள் வந்து நின்று, “பாட்டி, உங்கள் கண் கெடாதா?” என்றாள். பல்லாண்டு ஆசிரியப் பயிற்சி அளித்த எனக்கு அன்று விடை தோன்றவில்லை. மாமியார் மருமகள் பகையும் வஞ்சமும் நிறைந்த அத்தொடரை நான் கேட்டிருந்தது, அனர்த்த தண்டம் ஐந்தனுள் ஒன்றாகிய துச்சுருதி அன்றி வேறென்ன?

பிறர்மேல் சுமத்துவது கட்டளை. தாமே ஏற்பதுதான் விரதம். பெரியோர் ஏற்காத அளவைச் சிறுவர்மேல் சுமத்துதல் அறமாகாது. அன்றே என் தொடரை விட்டேன்.

குழந்தைக்கு உணவூட்டவும் அடுக்களை வேலை முடிக்கவும் பெட்டியை நாடும் தாயைக் குறை கூறுவதும் முறையன்று. அவளுக்குக் கைகொடுப்பார் இல்லாமையே அங்குள்ள குறை. தந்தையும் பாட்டனும் பாட்டியும் அம்மாலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம்; காலவரையறையுடன் ஏற்பது நியமம். வரும் சாதுர்மாஸ்யத்தின் நான்கு மாதங்களுக்கு ஒரு நியமம் ஏற்போம். மாலை உணவின்போதும் அதன்பின் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடமும், பெட்டியும் கைப்பேசியும் வீட்டில் எவர்க்கும் இல்லை. அப்பொழுதை வெறுமையாக விடாது, ஒரு கதையோ விளையாட்டோ கொண்டு நிரப்புவோம்.

இப்பொழுதெல்லாம் மாலையானதும் என் பேத்தியே வந்து கதை கேட்கிறாள். சில நாள்களில் அவளே கதை சொல்கிறாள். ‘ம்’ கொட்டுவது நான்.