பேரேடும் பேரும்

ஒரு மனிதனைப் பற்றி எழுதி வைக்கப்பட்டிருப்பதற்கும் அந்த மனிதனுக்கும் இடையே உள்ள உறவு யாது? எழுதியவனுக்கு எழுதப்பட்டவன்பால் ஏதேனும் கடமை உண்டா? இவை தத்துவ நூல்களுக்கு மட்டுமே உரிய வினாக்கள் போலத் தோன்றலாம். ஆயின், அவிசாவளையிலிருந்து மலையேறி வரும் பாதையும் நாவலப்பிட்டிப் பாதையும் சந்திக்கும் கினிகத்தேனையிலே ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு இவை அன்றாட வாழ்வின் வினாக்களாகவே தென்படுகின்றன. நம் வகுப்பறையில் 'தகவல் முறைமை' என்பது ஒரு பாடம். வகுப்பு முடிந்து மாணவர் திரும்பிச் செல்லும் லயங்களிலே அதே தகவல் முறைமை சோற்றையும் பட்டினியையும் நிர்ணயிக்கும் ஒரு சக்தி. பாடத்தையும் வாழ்க்கையையும் ஒருங்கே வைத்து நோக்குதல் நம் கடமையாகும்.

பாடநூல் கூறும் இலக்கணம் எளிது. தனித்தனியே கிடக்கும் எண்ணும் பெயரும் தரவு எனப்படும். அவற்றை ஒரு நோக்கத்துக்காகத் தொகுத்தும் வகுத்தும் ஒப்பிட்டும் பெறுவது தகவல். தரவை உள்ளே வாங்கி, முறைப்படுத்தி, தகவலாக வெளியிட்டு, அதன் விளைவை மீண்டும் அறிந்து தன்னைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடே தகவல் முறைமை. அதற்கு மனிதர் வேண்டும், நடைமுறை வேண்டும், கருவியும் வேண்டும். அக்கருவி கணினியாகத்தான் இருத்தல் வேண்டும் என்பதில்லை. தராசும் பென்சிலும் கோடிட்ட காகிதமும் போதும். இவ்வாறு நோக்குவோமாயின், கணினி என்ற சொல்லையே உலகம் அறியாதிருந்த காலத்திலும் மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒரு முழுமையான தகவல் முறைமையாக இயங்கி வந்துள்ளமை புலனாகும்.

காலையில் பிரட்டுக்களத்திலே ஆள் எண்ணப்படுகிறது. மலையிலே கொழுந்து நிறுக்கப்படுகிறது. நிறை செக்ரோலில் ஏறுகிறது. குறித்த அளவு எட்டப்பட்டால் ஒரு 'பேர்', எட்டப்படாவிடின் 'அரைப்பேர்'. மாத முடிவில் பேர்களின் கூட்டுத்தொகை சம்பளமாகிறது. கொடுத்த முற்பணம் அதிலிருந்து கழிகிறது. இது முதற்படி. இதே எண்கள் மலைவாரியாகத் தொகுக்கப்பட்டு, எந்த மலை எவ்வளவு கொழுந்து தந்தது, ஒரு கிலோ தேயிலைக்கு எவ்வளவு செலவு விழுந்தது என்று துரையின் மேசைக்குப் போகின்றன. இது இரண்டாம் படி. பல தோட்டங்களின் கணக்குகள் ஒன்றுசேர்ந்து கொழும்பிலுள்ள கம்பனியின் தலைமையகத்தை அடைந்ததும், எந்த மலையில் புதுக்கன்று நடுவது, எதைக் காடாக விடுவது, எத்தனை கைகள் போதும் என்ற முடிவுகள் பிறக்கின்றன. இது மூன்றாம் படி. வணிகத்தில் தகவல் முறைமை ஆற்றும் பணி யாதென மாணவன் வினவினால், இம்மூன்று படிகளையும் காட்டினால் போதும். அன்றாட வேலையைப் பதிதல், அதைக் கண்காணித்தல், எதிர்காலத்தைத் தீர்மானித்தல் ஆகிய மூன்றும் இதனுள் அடங்கிவிடும்.

தோட்டத்து வழக்கிலே 'பேர்' என்ற சொல் அடைந்திருக்கும் பொருளை இங்கு ஊன்றிக் கவனித்தல் வேண்டும். தமிழில் பேர் என்பது பெற்றோர் இட்ட பெயர். ஆள் என்ற பொருளும் அதற்குண்டு. மலையிலோ அது ஒரு நாள் உழைப்பின் அளவு. காலை முதல் மாலை வரை மலையில் நின்றவள் நிறை குறைந்தமையால் அரைப்பேர் ஆகிறாள். அவள் முழுதாகத்தான் நின்றாள்; மழையில் முழுதாகத்தான் நனைந்தாள்; ஏட்டிலே பாதியாகிவிட்டாள். பிள்ளை மடுவத்திலே குழந்தையை விட்டுவிட்டு ஓடி வந்ததும், அட்டைக் கடியும், செடி வயதாகிக் கொழுந்து தராமற் போனதும் ஏட்டில் இடம்பெறுவதில்லை. எல்லாவற்றையும் எழுதும் ஏடு உலகில் இல்லை என்பது உண்மையே. விட்டுவிடுதல் எந்த ஏட்டுக்கும் இயல்பு. ஆயின், எதை எழுதுவது, எதை விடுவது என்று தீர்மானிப்பவன் ஒருவன் இருக்கிறான். அத்தீர்மானத்தின் பலனை அனுபவிப்பவள் வேறொருத்தி. அறத்தின் கேள்வி இந்த இடைவெளியிலேதான் பிறக்கிறது.

வரலாற்றை நோக்குவோம். பெரியகங்காணி முறை நிலவிய காலத்தில் 'துண்டு' என்றொரு கடதாசி வழங்கி வந்தது. இன்னாருக்கு இவ்வளவு கடன் உண்டு, அதைக் கட்டுவோருக்கு இவரை விடுவிப்போம் என்பதே அதன் சாரம். தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் செல்லும்போது கடனும் அவனோடு சென்றது. புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆளைப் பெற்றது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களின் விலை, அவர்கள் வாசிக்க இயலாத ஒரு துண்டிலே எழுதப்பட்டிருந்தது. கங்காணிக்கோ, வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசு கிடைத்தது. எண்ணப்பட்டவனுக்கு எண்ணிக்கையால் யாது பயன் என்று எவரும் வினவவில்லை. 1921ஆம் ஆண்டில் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. எனினும், தொழிலாளியைப் பற்றிய எழுத்து தொழிலாளியின் கைக்கு எட்டாத இடத்தில் இருப்பது என்ற வழக்கம் அதனோடு ஒழிந்துவிடவில்லை.

அதன் கொடிய விளைவைச் சுதந்திரத்துக்குப் பிந்திய ஆண்டுகளிலே காண்கிறோம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் பெரும்பகுதியினரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் ஒரு கதவைச் சிறிது திறந்தது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னர், மணமானவராயின் ஏழு ஆண்டும் மணமாகாதவராயின் பத்தாண்டும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்தமைக்கு ஆதாரம் காட்டுக என்றது சட்டம். விண்ணப்பிக்கும் காலம் 1951 ஆகஸ்டில் முடிவுற்றது. ஏறத்தாழ 824,000 பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏறக்குறைய 134,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது.

இதன் முரண்பாட்டைச் சிந்தித்துப் பார்ப்போம். இந்நாட்டிலே எவருடைய ஒவ்வொரு நாளும் எண்ணி எழுதப்பட்டதோ, அவர்களிடமே 'நீ இங்கு இருந்ததற்கு அத்தாட்சி எங்கே?' என்று அரசு கேட்டது. நாள்தோறும் பேர் விழுந்திருந்தது. ஆயின் அந்தப் பேரேடு தோட்டத்து அலுவலகத்திலே இருந்தது. சம்பளத்தைக் கழிப்பதற்கு வாய் திறந்த ஏடு, உரிமையை நிலைநாட்டுவதற்குத் தானாக வாய் திறக்கவில்லை. தோட்டம் சான்று எழுதித் தந்தாலன்றித் தொழிலாளிக்கு அதனால் பயனில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் நம் முன்னோர். இங்கோ, கொடியில் காய்த்த சுரைக்காய் செல்லாததாகி, ஏட்டில் எழுதிய சுரைக்காயே செல்லுபடியாயிற்று; அந்த ஏடும் பிறர் கையில் இருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இம்மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது; எஞ்சிய 150,000 பேரின் தலைவிதி பின்னர் பேசப்படும் என்றது. மனிதர் எண்ணாக மாறிய பின் அவர்களைப் பங்கிடுதல் எளிதாகிவிடுகிறது.

அதே 1951ஆம் ஆண்டின் நவம்பரில் இங்கிலாந்திலே ஒரு புதுமை நிகழ்ந்தது. தேநீர்க் கடைகளை நடத்திப் பெயர்பெற்ற ஜே. லயன்ஸ் என்ற கம்பனி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் 'எட்சாக்' கணினியைப் பின்பற்றித் தானே அமைத்த 'லியோ' என்னும் கணினியை வணிக வேலையில் ஈடுபடுத்தியது. வணிகக் கணக்கில் ஒழுங்காக ஈடுபடுத்தப்பட்ட முதற் கணினி அதுவே. பாணும் கேக்கும் தயாரித்த செலவைக் கணக்கிடுவது அதன் முதல் வேலை. சில ஆண்டுகளில் ஊழியர் சம்பளத்தையும் அது கணக்கிட்டது. தேர்ந்த எழுதுவினைஞர் ஒருவருக்கு எட்டு நிமிடம் எடுத்த கணக்கை அது ஒன்றரைச் செக்கனில் முடித்தது. வணிகக் கணினியின் வரலாறு, நம் மக்கள் கொழுந்தெடுத்து உலகுக்கு ஈந்த அந்தப் பானத்தை விற்ற கடைகளிலே தொடங்கியது என்பது எண்ணத்தக்கது. தேநீர்க் கடையின் கணக்கு செக்கனில் முடியத் தொடங்கிய ஆண்டிலே, தேயிலை பறித்தோர் தாம் வாழ்ந்தமைக்கு ஒரு கடதாசி தேடி அலைந்தனர். அறிவு வளர்ந்தது, அது எத்திசையில் பாய்ந்தது என்பதே கேள்வி.

திசை என்னும் சொல்லிலேதான் நம் வாதத்தின் சாரம் அடங்கியுள்ளது. தோட்டத்திலே தரவு கீழிருந்து மேலே செல்கிறது. தகவலோ மேலிருந்து கீழே வருவதில்லை, கட்டளைதான் வருகிறது. 1883ஆம் ஆண்டில் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 2020ஆம் ஆண்டில் மின்னணு ஏலமாக மாறிற்று. ஏலப் பட்டியலிலே தோட்டத்தின் மார்க் உண்டு, தரம் உண்டு, நிறை உண்டு. தோட்டத்தின் பெயர் உலகெங்கும் பயணம் செய்கிறது. பறித்தவளின் பேர் செக்ரோலுக்கு அப்பால் ஓரடியும் நகர்வதில்லை. தன் கொழுந்து என்ன விலை போயிற்று என்பது அவளுக்குத் தெரியாது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, கம்பனிகள் உற்பத்திச் செலவைக் காட்டி எதிர்த்தன. அச்செலவின் கணக்கு எவருடைய கையில் இருந்தது? ஒரு தரப்பு பேரேட்டோடும் மறுதரப்பு பசியோடும் அமரும் மேசையைச் சமமான மேசை என்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

இதனால் இயந்திரமே பகை என்று முடிவுகட்டுதல் தவறாகும். சில தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்துள்ளது. நிறுப்பவரின் விரல் தராசில் அழுத்தவோ, பென்சில் ஒரு கிலோவை விழுங்கவோ அது இடம்தராது எனின், வரவேற்கத் தக்கதே. ஆயின், சாக்கின் எடைக்கும் ஈரத்துக்குமென எவ்வளவு கழிப்பது என்பதைத் தராசு தீர்மானிப்பதில்லை. மனிதன் தீர்மானித்துத் தராசுக்குச் சொல்லுகிறான். முன்னர் கணக்கப்பிள்ளையுடன் வாதிடலாம். இப்பொழுது, "சிஸ்டத்துல அப்புடித்தான் காட்டுது" என்ற விடை எல்லா வாதத்தையும் முடித்து வைக்கிறது. பழைய அநீதிக்கு ஒரு முகமாவது இருந்தது. புதிய அநீதி முகத்தை மறைத்துக்கொள்ளவும் கூடும்.

எழுத்தை நோக்கி நாம் வினவினால் அது விடை கூறாது மௌனம் சாதிக்கும் என்பது, பிளேட்டோவின் 'பீட்ரஸ்' உரையாடலில் சோக்கிரதர் எழுத்தின்மேல் சாட்டும் குறை. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகியும் அக்குறை தீரவில்லை. எழுத்து மின்திரைக்கு ஏறியதால் மட்டும் அதற்கு வாய் முளைத்துவிடாது. ஏடு பதில் கூறாதாயின் ஏட்டை வைத்திருப்பவர் பதில் கூறவேண்டும். ஒருவரைப் பற்றி அறிந்து வைத்திருத்தல் அவர்மீது அதிகாரம் பெறுதலாகும். பொறுப்பில்லாத அதிகாரம் எவ்வுருவில் வரினும் கொடுங்கோன்மையே. நம் தொடக்க வினாவுக்கு நாம் காணும் விடை இதுவே.

இவ்விடை சில தெளிவான கோரிக்கைகளாக உருப்பெறுதல் வேண்டும். எழுதப்பட்டது எழுதப்பட்டவரின் மொழியில் அவர் வாசிக்கும் வண்ணம் இருக்கவேண்டும். ஒவ்வொரு நிறுவையின் பிரதியும் பறித்தவர் கையில் சேரவேண்டும். கழிவு எவ்வளவு, ஏன் என்பது அதில் தனியே காட்டப்படவேண்டும். பிழையைச் சுட்டினால் குறித்த காலத்துள் திருத்தித் தரப் பெயர் குறித்த ஒருவர் பொறுப்பாக இருத்தல் வேண்டும். விளைச்சல், செலவு, விலை ஆகிய தொகுத்த தகவல்கள் தொழிற்சங்கத்துக்கும் கிட்டவேண்டும். தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும் பிழையைத் திருத்தக் கோரவும் ஒருவருக்குள்ள உரிமையை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எழுத்திலே ஏற்றுள்ளது. எழுத்தில் உள்ள உரிமை மலைக்கு ஏறி வருவதற்குச் சங்கங்களின் உறுதியும் படித்தோரின் துணையும் தேவை.

பின்னூட்டல் இல்லாத முறைமை முழுமையற்றது என்று நாமே கரும்பலகையில் எழுதுகிறோம். கொழுந்து பறிப்பவளின் ஆட்சேபம் மேலே சென்று சேராத தோட்டமும், அந்த இலக்கணப்படியே, குறைபட்ட முறைமைதான். இதை மாணவருக்குச் சொல்லாமல் உள்ளீடு, வெளியீடு என்று மனனம் செய்விப்பது பாதிப் பாடம். நம்மிடம் கற்கும் தோட்டத்துப் பிள்ளைகளுள் சிலர் நாளை அலுவலகத்திலே கணினியின் முன் அமர்வர். தாயின் பேரைப் பதியும் கை அவள் பெற்ற மகளின் கையாகவும் இருக்கலாம். எண்ணைப் பிழையின்றிப் பதிய அவளுக்குப் பயிற்சி தருவோம். அத்தோடு, பதிந்ததைத் திரையைத் திருப்பிக் காட்டி, "இது சரிதானா அம்மா?" என்று கேட்கும் வழக்கத்தையும் சேர்த்தே கற்பிப்போம்.