தூரமா, நேரமா?



கோலாலம்பூரிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம்? நேராகப் பறந்தால் சுமார் 10,600 கிலோமீட்டர். போவதற்கு ஏறக்குறைய 14 மணி நேரம் பிடிக்கும். திரும்பி வர பெரும்பாலும் ஒரு மணி நேரம் குறைவு. மேலே மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று, வரும்போது விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது. தூரம் ஒன்றுதான், நேரம்தான் மாறுது.

இது பொறியியல் கணக்கு. இதற்குள் ஓர் அறக் கேள்வியும் இருக்கிறது. பயண நேரம் குறையக் குறைய நம் கடமை கூடுகிறதா?

நம் தாத்தா பாட்டி காலத்தில் ரஜூலா கப்பல் ஓடியது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வர கிட்டத்தட்ட ஒரு வாரம். ஊரில் தகப்பனார் தவறிய செய்தி கடிதமாகத் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள், அங்கே பதினாறாம் நாள் கருமக்கிரியையே முடிந்திருக்கும். போகாத மகனை யார் குறை சொல்ல முடியும்? அது விதி.

இன்று லண்டனில் வேலை செய்யும் மகனுக்கு அந்த விதி இல்லை. இன்றிரவு ஏறினால் நாளை இரவுக்குள் வீட்டில் இருக்கலாம். போவதும் போகாததும் அவன் முடிவு. விதி முடிவாக மாறும்போது, பொறுப்பும் நம் தலைக்கு வந்துவிடுகிறது.

"டிக்கெட் காசு யாரு கொடுப்பா? லீவு கிடைக்கணுமே?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். சக்திக்கு மீறியதை தர்மம் கேட்பதில்லை. ஆனால் மனம் இல்லாததைத் 'தூரம்' என்று சொல்லலாமா? கோலாலம்பூரிலிருந்து ஈப்போ சுமார் 200 கிலோமீட்டர். காரில் இரண்டரை மணி நேரம். அதற்கே தீபாவளிக்குத் தீபாவளி போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? வீடியோ கால் முகத்தைக் காட்டும். அம்மாவை கிளினிக்குக் கூட்டிப் போகாது.

மாம்பழக் கதையைச் சொல்லி, வெளிநாடு போவதே தப்பு என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மயிலேறி உலகைச் சுற்றப் போனது முருகனின் தப்பில்லை. கதையின் மிச்சத்தையும் பாருங்கள். கோபித்துக்கொண்டு பழனிக்குப் போன பிள்ளையைத் தேடி, பெற்றோரே அங்கே வந்தார்கள் என்கிறது நம் மரபு. இன்றும் அப்படித்தானே? பேரப்பிள்ளையைப் பார்க்க, மூட்டு வலியோடு 14 மணி நேரம் உட்கார்ந்து போகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் கிலோமீட்டர் கணக்குப் பார்ப்பதில்லை.

ஆகவே படிக்கப் போங்க, வேலைக்குப் போங்க, எவ்வளவு தூரமானாலும் போங்க. சம்பளம் வர ஆரம்பித்ததும், ஊர் திரும்ப ஒரு டிக்கெட் காசை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். அவசரம் வரும்வரை அதைத் தொடாதீர்கள். பக்கத்து ஊரில் பெற்றோர் இருப்பவர்களுக்கு அந்தச் செலவும் இல்லை. இந்த வாரக் கடைசியில் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாங்க.