தவறு செய்யும் உரிமை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், சித்தூர் தாலுகாவில், தமிழே வீட்டுமொழியாக வழங்கும் கிராமங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றில் வாழும் முதியவர் ஒருவர், கோவையில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பல்லாண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். இப்போது அதே பஸ்களை ஒரு முழ நீளத்தில் செய்கிறார். மல்டிவுட் பலகையை அறுத்து, தேய்த்து, ஒட்டி அவர் உருவாக்கும் பஸ்ஸில் கதவு திறக்கும், வைப்பர் அசையும், நடத்துநர் இழுக்கும் மணிக்கயிறுகூட உண்டு. அவர் எதையும் விற்பதில்லை. ஆசையோடு பார்க்கும் குழந்தைக்குக் கொடுத்துவிடுவார்.

அவரது இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, "சாமி, இது வெறும் பொழுதுபோக்குத்தானுங்களே? இதுல ஏதாச்சும் அர்த்தம் உண்டுங்களா?" என்று கேட்டார். விடுமுறைக்கு வந்திருந்த மகன் அருகில் நின்றிருந்தார். இடுக்கி மாவட்டத்தில் அணைப் பராமரிப்பில் இருக்கும் பொறியாளர் அவர். "அப்பா செய்யறது விளையாட்டுங்க சாமி. பஸ் ஓடலைன்னா சிரிச்சுட்டுப் போயிடலாம். எங்க வேலை அப்படியில்லீங்க" என்றார். அச்சொற்களில் ஏளனம் இல்லை, களைப்பு இருந்தது.

மகன் கூறியதை எளிதில் தள்ளிவிட இயலாது. இடுக்கி அணையை நேரில் கண்டவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். குறவன் மலை, குறத்தி மலை என்னும் இரு பாறைகளுக்கிடையே 168.9 மீட்டர் உயரத்தில் வளைந்து நிற்கிறது அந்த அணை. 1976 பிப்ரவரியில் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நீரின் பெருவிசையைத் தன் எடையால் மட்டும் எதிர்க்காமல், வளைவின் வழியாக இரு மலைகளின் தோள்களுக்கும் மாற்றிவிடுவதே அதன் நுட்பம். அந்த வளைந்த சுவரில் நீரை வெளியேற்றும் மதகே கிடையாது. மதகுகள் அருகிலுள்ள செறுதோணி அணையில் உள்ளன. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தின்போது அவ்வைந்து மதகுகளும் திறக்கப்பட்டதையும், ஆற்றின் கீழ்க்கரையில் வாழ்ந்தோர் இரவோடு இரவாக இடம் பெயர்ந்ததையும் நாம் அறிவோம். (அந்த இடுக்கை வெளியுலகுக்குக் காட்டியவர் கொலும்பன் என்ற பழங்குடித் தலைவர். அளவுகோல் ஏதுமின்றி மலையைக் கற்றவர் அவர்.)

அப்படியாயின், தந்தையின் நுட்பம் வேறு, மகனின் நுட்பம் வேறா? அளவு மட்டும்தான் வேறுபாடு என்று கூறிவிடலாகாது. 1638-இல் வெளிவந்த தம் நூலில் கலிலியோ இதை விளக்கினார். ஒரு பொருளின் நீள அகல உயரங்களை இருமடங்காக்கினால் அதன் எடை எட்டு மடங்காகும். அதைத் தாங்கும் குறுக்குப் பரப்போ நான்கு மடங்கே ஆகும். சிறியதில் உறுதியாய் நின்றது பெரியதில் தன் சுமையாலேயே முறியக்கூடும். ஆகவே மாதிரியைப் பெரிதாக்கினால் அணை வந்துவிடாது.

ஆயினும் பொறியாளர்களும் மாதிரிகளைச் செய்யாமல் இல்லை. திருவள்ளூர் அருகே பூண்டியிலும், திருச்சூர் மாவட்டத்துப் பீச்சியிலும் உள்ள நீரியல் ஆய்வு நிலையங்களில் அணைகளையும் ஆறுகளையும் சிறிதாக்கிக் கட்டி நீரை ஓடவிடுகிறார்கள். நூறில் ஒரு பங்கு அளவில் அமைத்த மாதிரியில் காலம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். பாயும் நீரின் அளவு லட்சத்தில் ஒரு பங்காகும். ஒரு மணி நேர வெள்ளம் அங்கே ஆறே நிமிடங்களில் கடந்துபோகிறது. ஆற்றில் ஒருபோதும் வரக்கூடாத வெள்ளத்தையும் அங்கே வேண்டுமென்றே வரவழைக்கலாம்.

‘வேண்டுமென்றே’ என்ற இச்சொல்லில்தான் நமது கேள்வியின் முடிச்சு இருப்பதாகத் தோன்றுகிறது. அரிஸ்டாட்டில் தமது நிக்கோமாக்கிய அறநூலின் ஆறாம் பகுதியில் கைத்திறனையும் விவேகத்தையும் பிரித்துக் காட்டுகிறார். கைத்திறனில் தெரிந்தே தவறு செய்பவன் தெரியாமல் செய்பவனைவிட மேலானவன். விவேகத்திலோ இதற்கு நேர்மாறு என்பது அவரது கருத்து. முதன்முறை படித்தபோது இது எனக்கு விளங்கவில்லை. அந்த முதியவரின் அலமாரியைப் பார்த்தபோது விளங்கியது.

பஸ்களுக்கு நடுவே அங்கே ஓர் அணை மதகு இருந்தது. 2022 செப்டம்பர் 21 அதிகாலையில், பாலக்காடு மாவட்டத்திலுள்ள பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் நடுமதகு பெயர்ந்து, விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி நீர் சாலக்குடி ஆற்றை நோக்கிப் பாய்ந்தது. மதகைத் தூக்கி இறக்க உதவும் கான்கிரீட் எதிர்எடையின் சங்கிலி அறுந்ததே தொடக்கம். கீழ்க்கரை மக்கள் எச்சரிக்கப்பட்டனர், உயிர்ச்சேதம் இல்லை. அச்செய்தியைக் கேட்ட முதியவர், சைக்கிள் சங்கிலியையும் சிமெண்ட் கட்டியையும் கொண்டு அந்த அமைப்பைச் செய்து, சங்கிலியைத் தம் கையாலேயே அறுத்துப் பார்த்திருக்கிறார். ஒரு முறையல்ல, பல முறை. எந்தக் கண்ணி அறுந்தால் மதகு எப்படிச் சாயும் என்பது அவருக்கு அத்துப்படி.

தெரிந்தே தவறு செய்யும் உரிமை அவருக்கு உண்டு. அவருடைய மகனுக்கு இல்லை. மேசைமீது கைத்திறனின் நெறி செல்லும். அணைமீது விவேகத்தின் நெறியே செல்லும். பொறியாளர் இரண்டிலும் காலூன்றி நிற்க வேண்டியவர். அவரது களைப்பின் காரணமும் அதுவாக இருக்கலாம்.

கீதையில் வரும் ‘கௌசலம்’ என்ற சொல்லைத் ‘திறமை’ என்று மொழிபெயர்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை தோன்றும. குசம் என்னும் கூரிய தர்ப்பைப் புல்லைக் கையில் வெட்டுப்படாமல் கொண்டு வருபவனே குசலன் என்று பழைய உரைகாரர்கள் அச்சொல்லைப் பிரித்துக் காட்டுவர். புல் பறிப்பவன் தவறினால் அறுபடுவது அவனது விரல். அணையில் தவறினால் அறுபடுவது, மதகையே பார்த்திராத ஒருவரின் வாழ்வு. ‘திறமை’ என்ற சொல்லில் அந்த அயலான் இடம் பெறுவதில்லை.

இதை அவர்களிடம் என்னால் இயன்றவரை கூறினேன். முதியவர் தலையசைத்தார். மகனோ பதில் கூறாமல் அந்தச் சிறிய மதகைக் கையில் எடுத்து, சங்கிலியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்பா, கண்ணிக்கு உள்பக்கம் பெயிண்ட் அடிக்கலையே. துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்" என்றார். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தூரிகையைத் தேடத் தொடங்கினார்.